கப்பல்களுக்குக் கப்பி தந்தவர்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது)

நம் பள்ளிக் கொடிக்கம்பத்தின் உச்சியில் ஒரு சிறு சக்கரம் இருக்கிறது. கொடியேற்றும்போது கயிறு அதன்மேல்தான் ஓடுகிறது. அதே சக்கரம் கிணற்றுக்கு மேலே தொங்கினால் ராட்டினம் என்கிறோம். சில ஊர்களில் சகடை என்பார்கள். விஞ்ஞானப் புத்தகத்தில் அதற்குக் கப்பி என்று பெயர். இத்தனை எளிய பொருளைச் செய்வதற்கு ஒரு நாட்டின் கடற்படையே திண்டாடியது என்றால் நம்புவீர்களா, தோழியரே? அந்தத் திண்டாட்டத்தைத் தீர்த்து வைத்தவர்தான் மார்க் இசம்பார்டு புருனெல். அவருடைய மகன் இசம்பார்டு கிங்டம் புருனெல் பாலங்களும் இரயில் பாதைகளும் பெரிய இரும்புக் கப்பல்களும் கட்டிப் பெயர் பெற்றவர். மகனின் புகழ் வெளிச்சத்தில் தந்தை மறைந்து போனார் என்பது என் எண்ணம். ஆகவே தந்தையின் வரலாற்றையே இங்கே எழுத எடுத்துக்கொண்டேன்.

புருனெல் 1769-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் பிரான்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியில் ஹாக்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை வசதியுள்ள விவசாயி. அக்காலத்தில் அங்கே மூத்த மகனுக்கு நிலம், இரண்டாம் மகனுக்குத் திருச்சபை என்பது வழக்கம். புருனெல் இரண்டாம் மகன். எனவே பதினோரு வயதில் ரூவான் நகரத்துக் குருமடத்தில் அவரைச் சேர்த்துவிட்டார்கள். பையனுக்கோ இலத்தீனில் மனம் செல்லவில்லை. தச்சுப் பட்டறையும் கணக்கும் சித்திரமும்தான் பிடித்தன. ரூவான் துறைமுகத்தில் வந்து நிற்கும் கப்பல்களை உட்கார்ந்து வரைந்துகொண்டே இருப்பாராம். குருமடத்து அதிபர் நல்லவர். பையனைக் கடிந்துகொள்ளாமல் தச்சு வேலை கற்றுக்கொள்ள அனுமதித்தார். சிறிது காலத்திலேயே தேர்ந்த தச்சரைப் போல் வேலை செய்யத் தொடங்கினார் புருனெல். இவருக்குத் தேவ அழைத்தல் இல்லை என்பது தெளிவானதும் தந்தை அவரை ரூவானில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பினார். அந்த உறவினர் கப்பல் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். குருமடத்து அதிபர் அன்று வேறுவிதமாக நடந்திருந்தால் உலகத்துக்கு ஒரு மனமில்லாத குருவானவர் கிடைத்திருப்பார், ஒரு நல்ல பொறியாளர் கிடைத்திருக்க மாட்டார்.

1786-இல் புருனெல் கடற்படையில் பயிற்சி வீரராகச் சேர்ந்தார். ஆறு ஆண்டுகள் கடலில் கழிந்தன. மேற்கிந்தியத் தீவுகளுக்குப் பலமுறை போய் வந்தார். சூரியனும் நட்சத்திரங்களும் அடிவானத்துக்கு மேல் எத்தனை பாகை உயரத்தில் உள்ளன என்று அளக்கும் ஆக்டன்ட் கருவியைப் பித்தளையாலும் தந்தத்தாலும் தம் கையாலேயே செய்து வைத்திருந்தார். பாய்மரக் கப்பலில் வேலை செய்தவருக்குக் கப்பியைப் பற்றி யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. இரவும் பகலும் கையில் அதுதானே!

1792-இல் அவர் ஊர் திரும்பியபோது பிரான்சில் புரட்சி மூண்டிருந்தது. புருனெல் அரசரின் பக்கம். அதை மறைத்துப் பேசவும் தெரியவில்லை. 1793 ஜனவரியில் பதினாறாம் லூயி மன்னர்மீது விசாரணை நடந்த சமயம் பாரிசு நகரத்துக்குச் சென்றவர், ரோபஸ்பியருக்கு விரைவில் வீழ்ச்சி வரும் என்று பலர் கேட்கச் சொல்லிவிட்டார். அந்த நாட்களில் இப்படிப் பேசினால் தலை போகும். எப்படியோ தப்பி ரூவானுக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே உறவினர் வீட்டில் சோபியா கிங்டம் என்ற ஆங்கிலப் பெண்ணைச் சந்தித்தார். பெற்றோரை இழந்தவர். பிரெஞ்சு மொழி கற்க வந்த இடத்தில் புரட்சியில் அகப்பட்டுக்கொண்டவர். இருவரும் மணந்துகொள்ள முடிவு செய்தார்கள். ஆனால் புருனெல் இனி ஒரு நாளும் பிரான்சில் தங்க முடியாத நிலை. சோபியாவை விட்டுவிட்டு, லிபர்டி என்ற அமெரிக்கக் கப்பலில் ஏறினார். விடுதலை என்று பொருள்படும் பெயர்! நடுக்கடலில் பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்று வழிமறித்துப் பயணிகளைச் சோதிக்க வந்தது. புருனெலிடம் கடவுச்சீட்டு இல்லை. உடனே மற்றொரு பயணியின் சீட்டை வாங்கிப் பார்த்து, முத்திரை உட்பட அப்படியே வரைந்து காட்டித் தப்பினார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் கூறுகிறார்கள். சித்திரம் நன்றாக வருபவர்களுக்கு இது பெருமை. ஆனால் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்!

சோபியாவின் கதி என்ன? ஆங்கிலேயர் என்ற ஒரே காரணத்துக்காக உளவாளி என்று பிடித்துக்கொண்டு போனார்கள். கிரேவ்லீன் என்ற ஊரில் ஒரு கன்னியர் மடத்தைச் சிறையாக மாற்றியிருந்தார்கள். செபம் ஒலித்த இடத்தில் காவலர்கள் நின்றார்கள். என்றைக்குத் தலை வெட்டப்படுமோ என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தவர்களுள் ஒருவராகச் சோபியா அங்கே இருந்தார். 1794 ஜூலையில் ரோபஸ்பியர் வீழ்ந்தார். சிறைக் கதவுகள் திறந்தன. 1795-இல் சோபியா இலண்டனுக்குத் திரும்பினார். புருனெல் கடலுக்கு அப்பால் இருந்தார். திரும்பி வருவாரா என்பதும் நிச்சயமில்லை. ஆனாலும் அவர் காத்திருந்தார்.

புருனெல் 1793 செப்டம்பரில் நியூயார்க்கில் இறங்கினார். நிலம் அளந்தார், கால்வாய்க்கு வழி குறித்தார், வீடுகளுக்கும் துறைகளுக்கும் படம் வரைந்தார். 1796-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். நியூயார்க் நகரின் தலைமைப் பொறியாளராகவும் ஆனார். பீரங்கி வார்க்கும் ஆலை ஒன்றையும் வடிவமைத்தார். அங்கேயே இருந்திருந்தால் சுகமாக வாழ்ந்திருக்கலாம். 1798-இல் அலெக்சாண்டர் ஹாமில்டன் வீட்டு விருந்தில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒருவர் பேச்சுவாக்கில் ஒரு செய்தி சொன்னார். பிரிட்டிஷ் கடற்படைக்கு ஆண்டுதோறும் 1,00,000 கப்பிகள் வேண்டும். அவற்றைச் செய்து கொடுப்பது பெரும்பாடாக இருக்கிறது. செலவும் மிக அதிகம். புருனெலின் மனத்தில் அது பதிந்துவிட்டது. 1799-இன் தொடக்கத்தில் கப்பலேறினார். கப்பிக்காக மட்டும்தான் போனாரா என்று கேட்டால் இல்லை என்றே சொல்வேன். அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள், சகல புனிதர் திருநாளன்று, இலண்டனில் ஹோல்போர்ன் புனித அந்திரேயா ஆலயத்தில் அவருக்கும் சோபியாவுக்கும் திருமணம் நடந்தது. ஆறு ஆண்டுப் பிரிவு அன்று முடிந்தது.

இங்கே கதையைச் சற்று நிறுத்திவிட்டுக் கப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் புருனெலின் அருமை தெரியாது.

பாய்மரக் கப்பலில் இயந்திரம் இல்லை. எத்தனையோ மணங்கு எடையுள்ள பாய்களையும் குறுக்கு மரங்களையும் மாலுமிகளின் கைகளே ஏற்றி இறக்கித் திருப்ப வேண்டும். பீரங்கிகளை இழுத்து நிறுத்துவதற்கும் கயிறும் கப்பியும்தான். 74 பீரங்கிகள் உள்ள ஒரு போர்க்கப்பலுக்குச் சுமார் 1,000 கப்பிகள் தேவைப்பட்டன. புயலில் ஒன்று உடைந்தால் பாய் கிழியும், பாய்மரம் முறியும், கீழே நிற்பவன் உயிர் போகும். ஆகவே கப்பி ஏனோதானோவென்று செய்கிற பொருள் அல்ல.

கப்பலில் உள்ள கப்பிக்கு நான்கு உறுப்புகள் உண்டு. வெளிக்கூடு, உள்ளே சுழலும் சக்கரம், சக்கரத்தின் நடுவிலுள்ள உலோகக் குழல், அதனூடே செல்லும் அச்சு. கூட்டை எல்ம் என்ற மரத்தில் செய்தார்கள். அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் எளிதில் பிளக்காது. சக்கரத்துக்கு லிக்னம் விட்டே என்ற மேற்கிந்திய மரம். அது தண்ணீரில் போட்டால் மிதக்காது, மூழ்கிவிடும், அவ்வளவு கனம். அந்த மரத்திலேயே பிசின் போன்ற எண்ணெய்ப் பசை இருப்பதால் தானே வழுவழுப்பாக ஓடும். அச்சு இரும்பு. இரும்பு அச்சின்மேல் மரச் சக்கரம் நேராகச் சுழன்றால் என்ன ஆகும்? துளை தேய்ந்து முட்டை வடிவமாகிவிடும், பிறகு சக்கரம் சிக்கிக்கொள்ளும். இதைத் தடுக்கத்தான் நடுவில் வெண்கலக் குழல் பதித்தார்கள். மணி வார்க்கும் உலோகமே அது.

இந்த அச்சு எவ்வளவு பளுவைத் தாங்குகிறது என்பதில் பலர் தவறிவிடுவார்கள். கயிற்றை 50 கிலோ விசையுடன் இழுத்தால் கப்பிக்கும் 50 கிலோ என்று நினைப்போம். அப்படி இல்லை. கயிறு மேலே போய் மடங்கிக் கீழே வந்தால் இரண்டு பக்கமும் இழுக்கிறது அல்லவா? ஆகவே கப்பியின்மேல் 100 கிலோ. கயிறு செங்கோணமாகத் திரும்பினால் ஏறத்தாழ 70 கிலோ. சிறிதளவே வளைந்தால் பளு மிகக் குறைவு. நம் கொடிக்கம்பத்துக் கப்பியும் இந்தக் கணக்குக்கு உட்பட்டதுதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. மேலே மூன்று சக்கரமுள்ள கப்பி, கீழே மூன்று சக்கரமுள்ள கப்பி வைத்துக் கயிற்றை முறையாகக் கோத்தால், 600 கிலோவை 100 கிலோ விசையால் தூக்கலாம் என்பது பௌதிகப் பாடம். ஆனால் பாடப் புத்தகத்தில் உராய்வைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பழைய மாலுமிகள் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பளுவில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்வார்கள். ஆறு சக்கரத்துக்கு 360 கிலோ. ஆக 960 கிலோவை ஆறால் வகுத்தால் 160 கிலோ. 100 எங்கே, 160 எங்கே! இந்த 60 கிலோவும் உராய்வு விழுங்கியதுதான். குழல் கோணலாக இருந்தாலோ, துளை சரியாக நடுவில் இல்லாவிட்டாலோ அது இன்னும் அதிகமாக விழுங்கும். கையால் ஒவ்வொன்றாகச் செய்யும்போது 1,00,000 கப்பியும் ஒரே மாதிரி அமையுமா? ஒரே மாதிரி அமைய வேண்டும் என்பதே புருனெலின் நோக்கம்.

முதலில் அவர் கடற்படைக்குக் கப்பி செய்து கொடுத்துவந்த டெய்லர் குடும்பத்தாரை அணுகினார். சவுத்தாம்ப்டனில் அவர்களுடைய ஆலை இருந்தது. அவர்களும் சில வேலைகளுக்கு இயந்திர வாள் வைத்திருந்தவர்களே. எங்கள் தந்தை பல்லாண்டு உழைத்துக் கண்ட முறை இது, இதைவிட மேலானது இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்ற கருத்தில் மறுமொழி அனுப்பிவிட்டார்கள். சில ஆண்டுகளில் கடற்படை ஒப்பந்தம் அவர்களைவிட்டுப் போயிற்று.

புருனெல் 1801-இல் காப்புரிமை பெற்றார். வரைபடங்கள் கையில் இருந்தன. ஆனால் அவற்றை உலோகத்தில் செய்து கொடுக்க ஆள் வேண்டுமே! இலண்டனில் ஒரு சிறு பட்டறையின் கண்ணாடிச் சன்னலில் அழகாகக் கடைந்த திருகு ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்து வியந்த பிரெஞ்சு நண்பர் ஒருவர் புருனெலிடம் வந்து சொன்னார். அந்தப் பட்டறையின் சொந்தக்காரர் ஹென்றி மாட்ஸ்லி. முன்பு வேலை செய்த இடத்தில் வாரத்துக்கு 30 ஷில்லிங் சம்பளத்தை உயர்த்தித் தர மறுத்ததால் வெளியேறித் தனியாகத் தொழில் தொடங்கியவர். புருனெல் எதற்கான இயந்திரம் என்று சொல்லாமல் ஒவ்வொரு படமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். சில படங்களைப் பார்த்ததுமே இது கப்பி செய்யும் இயந்திரம் என்று மாட்ஸ்லி கண்டுபிடித்துவிட்டார்! அன்றிலிருந்து இருவரும் நண்பர்கள். ஒருவருக்குக் கற்பனை, மற்றவருக்குக் கைத்திறன். இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் இந்த வேலை நடந்திராது. ஆனால் புத்தகங்களில் பெரும்பாலும் ஒருவர் பெயரே முதலில் வருகிறது.

கடற்படைப் பணிகளின் தலைமைக் கண்காணிப்பாளராக இருந்தவர் சர் சாமுவேல் பெந்தம். அவரும் மரவேலை இயந்திரங்களுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தவர்தான். இருந்தும் பொறாமைப்படவில்லை. புருனெலின் முறை சிறந்தது என்று கண்டதும் அதையே பரிந்துரைத்தார். 1802-இல் அனுமதி கிடைத்தது. போர்ட்ஸ்மத் கப்பல் தளத்தில் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. மொத்தம் 45. நீராவி இயந்திரம் ஒன்று வார்களின் வழியாக அவற்றைச் சுழற்றியது.

அந்த ஆலைக்குள் நடந்ததைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல ஆசை. மரத்தடியை வாள் இயந்திரம் துண்டு போடும். அடுத்த இயந்திரம் அச்சுக்கு ஒரு துளையும், சக்கரத்தின் இடத்தைக் குடையத் தொடங்குவதற்கு அதற்குச் செங்கோணத்தில் மற்றொரு துளையும் இடும். பிறகு உளி இயந்திரம். நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல் உளி இறங்கி ஏறும். ஒவ்வொரு வெட்டுக்கும் மரம் தானாகவே சிறிது நகர்ந்து கொடுக்கும். அதற்கப்புறம் நான்கு மூலைகளை அறுத்தெடுப்பார்கள். பின்னர் பெரிய சக்கரம் ஒன்றின் விளிம்பில் பத்துக் கட்டைகளை ஒரே சமயத்தில் பூட்டிச் சுழலவிட்டு, ஒரு கூரிய கருவியால் பத்தையும் ஒரே வளைவில் செதுக்குவார்கள். ஒரு பக்கம் முடிந்ததும் பத்துக் கட்டைகளையும் திருப்பி அடுத்த பக்கம். மற்றொரு வரிசையில் லிக்னம் விட்டே மரம் வட்டமாக அறுக்கப்பட்டு, நடுவில் மூவிலைப் பூப்போன்ற பள்ளம் வெட்டப்பட்டு, அதில் வெண்கலக் குழல் அச்சொட்டாகப் பதிக்கப்படும். மூவிலை வடிவம் எதற்கு என்றால், வட்டமாக இருந்தால் குழல் மரத்துக்குள் தனியே சுழன்றுவிடும். மூவிலையாக இருந்தால் சுழல முடியாது. இந்தச் சின்ன உபாயத்தைப் படித்தபோது எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.

இதில் புதுமை எது? ஒரு தச்சர் ஒரு கப்பியை முதலிலிருந்து முடிவுவரை செய்யும் வழக்கம் மாறி, ஒவ்வொரு இயந்திரமும் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்து அடுத்ததற்கு அனுப்பியது. உலோகத்தாலான இயந்திரங்களை வரிசையாக வைத்துப் பெரும் அளவில் ஒரே மாதிரிப் பொருள் செய்த முதல் ஆலைகளில் இது ஒன்று. 1808-இல் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள் அங்கே தயாராயின. முன்பு 110 கைதேர்ந்தவர்கள் செய்த வேலையைப் பழக்கமில்லாத 10 பேர் செய்தார்கள்.

எல்லாப் புத்தகங்களும் இந்த இடத்தில் புருனெலைப் புகழ்ந்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போகின்றன. எனக்கோ அந்த மற்ற 100 பேரின் நினைவு வருகிறது. ஏழெட்டு ஆண்டுகள் கற்ற கைத்தொழில் ஒரே நாளில் யாருக்கும் வேண்டாததாகிவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? அதே சமயம், கோணலான கப்பியால் கடலில் விழுந்து இறந்த மாலுமிகளுக்கும் வீடு உண்டு, தாய் உண்டு. இரண்டையும் தராசில் வைத்து எது கனம் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

1805 செப்டம்பர் 14-ஆம் நாள் காலை, அட்மிரல் நெல்சன் இந்த ஆலைக்கு வந்து பார்வையிட்டார். அன்றே விக்டரி கப்பலில் ஏறினார். அடுத்த மாதம் 21-ஆம் தேதி டிரபால்கர் போரில் வென்று உயிர் நீத்தார். மண்ணில் அவர் கடைசியாகப் பார்த்தவற்றுள் கப்பி செய்யும் இயந்திரங்களும் இருந்தன. அடுத்த ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் போர்ட்ஸ்மத்திலேயே மகன் இசம்பார்டு பிறந்தார். அவருக்கு முன்னே சோபியா, எம்மா என்று இரண்டு அக்காமார்.

அரசாங்கத்துக்கு இலாபம் குவிந்தது. புருனெலுக்கோ பணம் வரவில்லை. ஓராண்டில் மிச்சமாகும் தொகையைத் தருவதாகப் பேச்சு. 2,000 பவுனுக்கு மேல் கைப்பணத்தைச் செலவிட்டிருந்தவருக்கு 1808-இல்தான் 1,000 பவுன் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துச் சுமார் 17,000 பவுன் தர இசைந்தார்கள்.

1809-இல் ஸ்பெயின் நாட்டுப் போரிலிருந்து போர்ட்ஸ்மத்தில் வந்திறங்கிய படைவீரர்களைப் புருனெல் கண்டார். செருப்பில்லாமல் கால்களில் கந்தலைச் சுற்றியிருந்தார்கள். அவர் மனம் பொறுக்கவில்லை. காலணி செய்யும் இயந்திரங்களை அமைத்து, போரில் ஊனமுற்ற வீரர்களையே வேலைக்கு வைத்து நாளொன்றுக்கு 400 ஜோடிகள் செய்தார். அரசாங்கம் வாங்கிக்கொள்வதாகச் சொன்னது. 1815-இல் வாட்டர்லூவில் போர் முடிந்தது. அரசாங்கம் கையை விரித்தது. பல்லாயிரம் ஜோடிகள் கிடங்கில் தேங்கின. அதற்கு முந்தைய ஆண்டுதான் பாட்டர்சியில் இருந்த அவருடைய மரமறுக்கும் ஆலை தீக்கிரையாகியிருந்தது. புருனெலுக்கு இயந்திரக் கணக்குத் தெரிந்த அளவு வரவு செலவுக் கணக்குத் தெரியவில்லை.

1821 மே மாதம் கடனுக்காக அவரைச் சிறையில் அடைத்தார்கள். சோபியா என்ன செய்தார் தெரியுமா? கணவரோடு தாமும் சிறைக்குள் சென்று தங்கினார்! இருபத்தேழு ஆண்டுகளுக்குமுன் மடத்துச் சிறையில் மரண பயத்தோடு கிடந்தவர், இப்போது தாமே விரும்பிச் சிறைக்குள் நுழைந்தார். கண்டுபிடிப்புகளின் வரலாற்றில் இந்தப் பெண்மணிக்கு ஒரு வரிகூட ஒதுக்காதவர்கள் இருக்கிறார்கள். அது நியாயமில்லை. சிறையிலிருந்தபடியே புருனெல் ரஷ்யச் சக்கரவர்த்தி அலெக்சாந்தருடன் கடிதத் தொடர்பு கொண்டு, அந்நாட்டுக்கே போய்விட எண்ணினார். இத்தகையவரை இழக்கலாமா என்று வெல்லிங்டன் பிரபு முதலானோர் வற்புறுத்த, இங்கிலாந்தைவிட்டுப் போகக் கூடாது என்ற நிபந்தனையோடு 5,000 பவுன் கொடுத்து ஆகஸ்டில் அவரை விடுவித்தார்கள்.

அதன்பின் அவர் செய்த தேம்சு நதிச் சுரங்கப்பாதையை எழுதத் தொடங்கினால் இந்த மலர் போதாது. சுருக்கமாகச் சொல்கிறேன். கப்பல் மரத்தைத் துளைக்கும் ஒருவகைப் புழு, தன் தலையைக் கெட்டியான ஓட்டால் காத்துக்கொண்டு முன்னேறுவதைப் பார்த்து, அதே முறையில் 36 பேர் தனித்தனி அறைகளில் நின்று மண்ணை வெட்டும் இரும்புக் கவசம் ஒன்றை அமைத்தார். 1825-இல் வேலை ஆரம்பம். 1827-இல் ஆறு உள்ளே புகுந்தது. 1828 ஜனவரி 12-இல் மறுபடியும் புகுந்தபோது ஆறு தொழிலாளர்கள் மாண்டார்கள். மகன் இசம்பார்டு மயிரிழையில் தப்பினார். பணமில்லாமல் ஏழு ஆண்டுகள் பாதையைச் சுவர் வைத்து மூடி வைத்திருந்தார்கள். மறுபடி தொடங்கி, 1843 மார்ச் 25-ஆம் நாள் திறந்தார்கள். ஓடும் பெரிய ஆற்றுக்கு அடியில் மனிதர் நடந்துபோன முதல் சுரங்கப்பாதை அதுவே. இன்றும் அதில் இரயில் ஓடுகிறது. அது முடிவதற்குள் அவர் சர் பட்டம் பெற்றுவிட்டார்.

கப்பிகளுக்கு என்ன ஆயிற்று? கடற்படைக்கு நீராவிக் கப்பல்கள் வந்தபின் தேவை குறைந்தது. ஆனாலும் மாட்ஸ்லி செய்த இயந்திரங்கள் ஓய்வதாக இல்லை. சில 1960-கள் வரை, அதாவது 150 ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தன. அவற்றுள் சில இலண்டன் விஞ்ஞானப் பொருட்காட்சிச் சாலையில் இருக்கின்றன. போர்ட்ஸ்மத்தில் அந்த ஆலைக் கட்டிடமும் இன்றுவரை நிற்கிறது.

இன்று பந்தயத்துக்கும் பொழுதுபோக்குக்கும் ஓட்டும் பாய்மரப் படகுகளில் மரக் கப்பிகள் அரிது. கூடு அலுமினியத்திலோ கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்கிலோ ஆனது. குழல் இருந்த இடத்தில் பால் பேரிங் வந்துவிட்டது. சைக்கிளில் உள்ள எஃகுக் குண்டுகள் உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்கும் அல்லவா? அதனால் 1960-களின் பிற்பகுதியிலிருந்து டெல்ரின், டோர்லான் போன்ற பிளாஸ்டிக் குண்டுகளைப் போடுகிறார்கள். இவற்றுக்கு எண்ணெயோ கிரீசோ வேண்டாம். நல்ல தண்ணீரில் அலசினால் போதும். சக்கரம் விரல் பட்டாலே சுழலும். ஆனால் குண்டு ஒரு புள்ளியில்தான் தொடுகிறது. பெரும் பளு நெடுநேரம் நின்றால் அந்தப் புள்ளியில் நசுங்கித் தட்டையாகிவிடும். ஆகையால் பெரிய படகுகளில் பளுவைத் தாங்க உருளைகளை வைக்கிறார்கள். உருளை ஒரு கோடு முழுவதும் தொடுவதால் பளு பங்கிடப்படுகிறது. பக்கவாட்டில் வரும் அழுத்தத்துக்கு மட்டும் குண்டுகள். லிக்னம் விட்டேயின் எண்ணெய்ப் பசையும் வெண்கலக் குழலும் செய்த அதே வேலைதான். உராய்வு இன்று மிகவும் குறைந்துவிட்டது. இரண்டு பக்கம் இழுத்தால் இரட்டைப் பளு என்ற கணக்கு மட்டும் மாறவில்லை.

முதுமையில் புருனெலைப் பக்கவாதம் தாக்கியது. 1849 டிசம்பர் 12-ஆம் நாள் இலண்டனில் தம் எண்பதாம் வயதில் இறந்தார். கென்சல் கிரீன் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். சோபியா 1855-இல் காலமானார். அவரையும் கணவரின் கல்லறையிலேயே வைத்தார்கள். நான்கு ஆண்டுகளுக்குப் பின் மகன் இசம்பார்டும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்.